ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரை: எல்லைக்கோடு நகர்ந்த ஊரில் நான்கு நாட்கள்

முதல் நாள்: ஆரல்வாய்மொழி, தோவாளை

காவல்கிணறு தாண்டியதுமே பஸ்ஸுக்குள் காற்று வேறு மாதிரி வீசத் தொடங்கிவிட்டது. முப்பந்தல் காற்றாலைகள் இரண்டு பக்கமும் சுற்றுகின்றன. மலை இரண்டாகப் பிளந்து வழிவிட்ட இடத்தில் ஆரல்வாய்மொழி. இறங்கிக்கொண்டேன். கண்டக்டர், "நாகர்கோவில் டிக்கெட்தானேம்மா எடுத்தீங்க?" என்று கேட்டார். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும் என்றேன்.

எதற்காக இந்தப் பயணம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரையில் போட்டித்தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறேன். போன மாதம் ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், அமெரிக்கா முதல்ல போட்ட அரசமைப்பு எட்டே வருஷத்துல தோத்துப்போச்சு. நம்மளுது மட்டும் எப்படி நின்னுது?" நானும் பாடப்புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். எனக்குத்தான் திருப்தி இல்லை. நம்முடையது நின்றது உண்மைதான். ஆனால் 1950-ல் போட்ட மாநில அமைப்பு ஏழு வருடம்கூடத் தாங்கவில்லை. அது எங்கே கிழிந்தது, எப்படித் தைத்தார்கள் என்று பார்க்க வேண்டுமென்றால் தையல் போட்ட இடத்துக்கே போக வேண்டும். 1956-ல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்த கன்னியாகுமரி மாவட்டம்தான் அந்த இடம்.

ஆரல்வாய்மொழி, திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் கிழக்கு வாசல். இந்தப் பக்கம் வெள்ளைக்காரன் ஆண்ட திருநெல்வேலிச் சீமை, அந்தப் பக்கம் மகாராஜா ராஜ்யம். நடுவில் சவுக்கை. சுங்கச்சாவடியை இந்த ஊர்ப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். திருவிதாங்கூருக்குச் சொந்தமாகச் சக்கரம், பணம், காசு என்று நாணயம் இருந்தது. சொந்தத் தபால் இருந்தது, அதன் பெயர் அஞ்சல். இன்று தமிழ்நாடு முழுக்க எழுதுகிற அந்தச் சொல் இங்கே சமஸ்தானத் துறையின் பெயராகவே இருந்திருக்கிறது.

ரோட்டோரம் ஒரு கடையில் கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டு நிற்கும்போது அமெரிக்காவை நினைத்துக்கொண்டேன். 1777-ல் எழுதி, 1781 மார்ச் 1-ல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய 'கூட்டமைப்பு விதிகள்' பதின்மூன்று மாநிலங்களுக்கு இடையே போட்டுக்கொண்ட நட்பு ஒப்பந்தம் மாதிரி. மத்தியில் காங்கிரஸ் என்ற ஒரு சபை உண்டு. மாநிலம் பெரிதோ சிறிதோ ஆளுக்கு ஒரு ஓட்டு. நாட்டை நடத்தத் தலைவர் கிடையாது, நாடு முழுவதற்கும் நீதிமன்றம் கிடையாது, வரி போடும் அதிகாரமும் கிடையாது. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம், கொடுத்தால் உண்டு. மாநிலங்களுக்கு இடையே நடக்கும் வியாபாரத்தை ஒழுங்குபடுத்தவும் முடியாது. நியூயார்க், பக்கத்து நியூஜெர்சியிலிருந்து வரும் சரக்குக்குக்கூட வரி போட்டது. சவுக்கையைத் தூக்கச் சொல்ல மேலே யாருக்கும் அதிகாரம் இல்லை.

நமக்கு இருந்தது. 1950 ஏப்ரலில் சமஸ்தானங்களின் நிதி மத்திய அரசோடு இணைக்கப்பட்டது. சுங்கமும் வருமான வரியும் டெல்லிக்குப் போயின. மறு வருடம் அஞ்சல் துறையும் இந்தியத் தபாலில் சேர்ந்தது. துப்பாக்கிச் சத்தம் இல்லாமல் நடந்த இந்த வேலையை நாம் பாடத்தில் இரண்டு வரியில் தாண்டிவிடுகிறோம். எனக்கு அது வருத்தம். நம் முதல் ஏற்பாட்டின் பெரிய பலங்களில் ஒன்று இதுதான்.

அப்புறம் தோவாளை பூச்சந்தை. நான் போய்ச் சேர்ந்தபோது வியாபாரம் முடிந்து தரையெல்லாம் பிச்சி இதழ். ஒரு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு நாகர்கோவிலுக்கு அடுத்த பஸ்.

இரண்டாம் நாள்: சுசீந்திரம், கன்னியாகுமரி

கல்லூரித் தோழி வீட்டில் தங்கல். காலையில் சுசீந்திரம். தாணுமாலயனையும் பதினெட்டடி அனுமாரையும் கும்பிட்டுவிட்டு, இசைத்தூண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கோயிலுக்கும் அரசியலமைப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 290ஏ என்று ஒரு பிரிவு. 1956 நவம்பர் 1-ல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து வந்த பகுதிகளில் இருக்கும் கோயில்களைப் பராமரிக்க, தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் தர வேண்டும் என்கிறது அது. கேரளம் அங்கே கோயில்களைப் பார்த்துக்கொள்ளும் திருவிதாங்கூர் தேவஸ்வத்துக்குத் தர வேண்டியது 46 லட்சத்து 50 ஆயிரம். ஒரு வீட்டில் பாகப்பிரிவினை நடக்கும்போது குலதெய்வத்துக்கு விளக்கெண்ணெய்ச் செலவு யார் பொறுப்பு என்று பத்திரத்திலேயே எழுதிவைப்பார்களே, அது மாதிரி. வகுப்பில் இந்தப் பிரிவை யாரும் கேட்பதில்லை. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

கன்னியாகுமரியில் நல்ல கூட்டம். கடலைப் பார்த்துவிட்டு மத்தியானமே திரும்பிவிட்டேன்.

இரவு தோழியின் மாமனார் பேசினார். எண்பதைத் தொட்டவர், விளவங்கோடு பக்கம் பிறந்தவர். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியை எடுத்து வந்தார். அதில் அவருடைய அப்பா கரம் கட்டிய பழைய ரசீதுகள். நிலவரியை அப்போது கரம் என்றுதான் சொல்வார்களாம். எல்லாம் மலையாளத்தில்.

"மக்ளே, எங்க அப்பாவுக்குத் தமிழு நல்லா வாசிக்கத் தெரியும். இது தெரியாது. பகுதி ஆபீஸ்ல இருந்து ஒரு கடுதாசி வந்தா, அத வச்சுக்கிட்டு மூணு வீடு ஏறி இறங்குவாரு. கரம் நாம கெட்டினது, கேட்டியா. அதுல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் நமக்குத் தெரியாது."

கொஞ்ச நேரம் ரசீதுகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு அந்தப் பெட்டியிலிருந்தே ஒரு புதுக் கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். அதுவும் மலையாளம். அவருடைய அக்காவை 1956-க்கு முன்னாலேயே நெய்யாற்றின்கரைப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். கோடு போட்டபோது தம்பி இந்தப் பக்கம், அக்கா அந்தப் பக்கம். அக்கா இப்போது இல்லை. அவருடைய பேத்திக்குத்தான் கல்யாணம்.

"போன் பண்ணிச் சொன்னா. முகூர்த்தம் எத்தன மணின்னுதான் மறந்துட்டேன். திரும்பக் கேட்டா கெழவனுக்குக் காது போச்சும்பா." போனில் படம் பிடித்தால் அதுவே தமிழில் காட்டும் என்றேன். "அது வேண்டாம் மக்ளே. நீ களியக்காவிளைக்குப் போவேல்லா, அங்க யாராவது மனுஷங்கிட்ட குடுத்து வாசிச்சிட்டு வா" என்றார். பத்திரிகை இப்போது என் பையில்.

மூன்றாம் நாள்: பத்மநாபபுரம்

தக்கலையில் இறங்கி நடந்தால் பத்மநாபபுரம் கோட்டை மதில் வந்துவிடும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகரம். அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில், பராமரிப்பது கேரள அரசு. டிக்கெட் கொடுப்பவர் முதல் அறையைக் காட்டுபவர் வரை அந்த அரசின் ஊழியர்கள். ஒவ்வொரு நவராத்திரிக்கும் இங்கிருந்து சரஸ்வதி திருவனந்தபுரம் புறப்படுகிறாள். சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் வேளிமலைக் குமாரசுவாமியும் கூடப் போகிறார்கள். வழியனுப்பவும் வரவேற்கவும் இரண்டு மாநிலப் போலீஸும் அணிவகுத்து நிற்கும். இரண்டு மாநிலமும் இதை ஒரு சச்சரவாக்காமல் இத்தனை வருடம் நடத்துவதை நினைத்தால் மனசு நிறைகிறது.

கறுப்புத் தரையில் வெறுங்காலோடு நடந்தேன். தேக்கில் செதுக்கிய மந்திரசாலையில் ஜன்னல் வழியாக வடிகட்டிய வெளிச்சம். மார்த்தாண்ட வர்மா 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தவர். 1750-ல் ராஜ்யத்தையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்துவிட்டு, அவருடைய தாசனாக ஆண்டவர். அந்த மரபுதான் இருநூறு வருடம் கழித்துப் புதிய இந்தியாவின் முன்னால் வந்து நின்றது.

திவான் சி.பி. ராமசாமி அய்யர் 1946-ல் 'அமெரிக்க மாதிரி' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். சட்டசபையால் நீக்க முடியாத நிர்வாகம் என்பது அதன் சாரம். அமெரிக்கர்கள் தங்கள் முதல் ஏற்பாடு தோற்றபின் உருவாக்கிய இரண்டாவது ஏற்பாட்டிலிருந்து எடுத்தது இது. "அமெரிக்கன் மாடல் அரபிக்கடலில்" என்று ஜனங்கள் கோஷம் போட்டார்கள். அந்த வருடம் அக்டோபரில் புன்னப்புரா, வயலாரில் கிளர்ந்த தொழிலாளர்களின் ரத்தம் சிந்தியது. 1947 ஜூனில் திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கும் என்று திவான் அறிவித்தார். ஜூலை 25-ல் திருவனந்தபுரத்தில் அவரை வெட்டினார்கள். உயிர் பிழைத்தார். அந்த மாத முடிவுக்குள் மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்துவிட்டார்.

1949 ஜூலை 1-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாயின. தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு, உயர் நீதிமன்றம் எர்ணாகுளத்துக்கு. 1950-ல் அரசியலமைப்பு வந்தபோது நாட்டை ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகப் பிரித்தார்கள். பழைய பிரிட்டிஷ் மாகாணங்கள் ஏ, பெரிய சமஸ்தானங்களும் அவற்றின் கூட்டுகளும் பி. மெட்ராஸ் ஏ, திருவிதாங்கூர்-கொச்சி பி. ஏ மாநிலத்துக்கு ஆளுநர். பி மாநிலத்துக்கு ராஜப்பிரமுகர், அதாவது பழைய மகாராஜாவேதான். அன்றைய 371-ஆம் பிரிவின்படி பி மாநில அரசுகள் பத்து வருடத்துக்குக் குடியரசுத் தலைவரின் பொதுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

இதை நன்றாக யோசித்துப் பார்க்க வேண்டும். ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம் பணகுடியில் இருப்பவரும் இந்தப் பக்கம் தோவாளையில் இருப்பவரும் ஒரே நாட்டுக் குடிமக்கள், இருவருக்கும் ஓட்டு உண்டு. ஆனால் ஒருவருடைய மாநிலம் முதல் தரம், மற்றவருடையது டெல்லி கையில் கயிறு இருக்கிற இரண்டாம் தரம். காரணம், அவர்களுடைய தாத்தாக்களை ஆண்டது யார் என்பது மட்டும்தான். குடியரசு என்று சொல்லிக்கொண்டு ராஜாக்கள் போட்ட எல்லையையே எல்லையாக வைத்துக்கொண்டோம். நம் முதல் ஏற்பாட்டின் பெரிய பலவீனம் என்று நான் இதைத்தான் சொல்வேன்.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதும் புரிகிறது. ஒரு புது நாடு எதைப் பார்த்துப் பயந்து பிறந்ததோ, அந்தப் பயம் அதன் முதல் சட்டத்தில் இருக்கும். அமெரிக்கர்கள் லண்டன் ராஜாவிடம் பட்டவர்கள். அதனால் மத்திக்கு வலுவே வேண்டாம் என்றார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. 1783 ஜூனில் சம்பளப் பாக்கி கேட்டுச் சிப்பாய்கள் பிலடெல்பியாவில் காங்கிரஸ் கூடியிருந்த கட்டடத்தையே சூழ்ந்துகொண்டார்கள். உறுப்பினர்கள் ஊரை விட்டு பிரின்ஸ்டனுக்குப் போக வேண்டியதாயிற்று. நாமோ பிரிவினையின் ரத்தத்தைப் பார்த்தவர்கள். இன்னொரு துண்டு உடைந்துவிடக் கூடாது என்பதே நம் பயம். முதலில் சேர்த்துக் கட்டுவோம், முடிச்சு அழகாக இருக்கிறதா என்று பிறகு பார்ப்போம் என்று கட்டினார்கள்.

அந்த முடிச்சு இங்கே எப்படி இறுக்கியது என்பதற்கு இரண்டு தேர்தல் போதும். 1952-ல் திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபையில் 108 இடம். யாருக்கும் பெரும்பான்மை இல்லை. தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்கு 8 இடம். அதன் ஆதரவில் ஏ.ஜே. ஜான் அரசு நின்றது, அவர்கள் விலகியதும் 1953-ல் விழுந்தது. 1954-ல் இடங்கள் 117. அதில் 19 மட்டுமே வைத்திருந்த பிரஜா சோஷலிஸ்ட் கட்சி, 45 வைத்திருந்த காங்கிரசின் ஆதரவில் ஆட்சிக்கு வந்து, பட்டம் தாணு பிள்ளை முதல்வரானார். தமிழ்நாடு காங்கிரசுக்கு இம்முறை 12. 1949 முதல் 1956 வரை ஐந்து முதலமைச்சர்கள், கடைசியில் குடியரசுத் தலைவர் ஆட்சி. வீட்டைப் பிரித்துக் கட்டும்வரை அந்த மாநிலத்தில் எந்த அரசும் நிலைக்கவில்லை.

சாயங்காலம் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை, டி லனாய் கல்லறை. குளச்சலில் தோற்று, பிறகு திருவிதாங்கூருக்கே தளபதியானவர். மழை வந்துவிட்டதால் அதிக நேரம் நிற்க முடியவில்லை.

நான்காம் நாள்: மார்த்தாண்டம், புதுக்கடை, களியக்காவிளை

வடசேரியிலிருந்து மார்த்தாண்டம் பஸ். மேம்பாலத்துக்குக் கீழே இறங்கினால் சந்தை இரைச்சல். தொடுவட்டி என்பது இதன் பழைய பெயர். ஏத்தன் குலைகளும் மரச்சீனியும் மலை மாதிரி குவிந்திருக்கின்றன. இரண்டு மட்டிப் பழம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு புதுக்கடைக்குப் போனேன்.

1954 ஆகஸ்ட் 11. அன்றைக்குத் தமிழ்த் தாலுகாக்களில் விடுதலை நாள் ஊர்வலம். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. ஜனங்கள் செத்தார்கள். கேட்டது தனி நாடு அல்ல, அதே இந்தியாவுக்குள் பக்கத்து மாநிலத்தோடு சேர்வது. சுட்ட அரசு ஒரு சோஷலிஸ்ட் அரசு. அந்தக் கட்சியின் ராம் மனோகர் லோகியாவே பட்டம் தாணு பிள்ளை பதவி விலக வேண்டும் என்றார். அவர் விலகவில்லை, அடுத்த பிப்ரவரியில் ஆட்சி கவிழ்ந்தது.

புதுக்கடையில் செத்தவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. வாங்கிப் போயிருந்த பூவை வைத்துவிட்டு நின்றேன். பக்கத்துக் கடையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தி, நான் நகர்ந்த பிறகு தொடர்ந்தார்கள். அந்த மரியாதை மனசைத் தொட்டது.

மாணவிக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெளிந்தது இங்கேதான்.

கூட்டமைப்பு விதிகளைப் பலவீனமான ஏற்பாடு என்றுதான் புத்தகங்கள் சொல்கின்றன. அது நன்மையும் செய்தது. பிரிட்டனோடு நடந்த போரை அதை வைத்துக்கொண்டுதான் முடித்தார்கள், 1783-ல் பாரிஸ் உடன்படிக்கையும் கண்டார்கள். 1787-ல் வடமேற்கு நிலப்பரப்புக்கான சட்டம் போட்டார்கள். புதிய பகுதியில் சுதந்திரக் குடிகள் 60,000 பேர் சேர்ந்தால் அது பழைய மாநிலங்களுக்குச் சமமான மாநிலமாகலாம், அங்கே அடிமைமுறை கூடாது. ஏ, பி என்று தரம் பிரித்த நமக்கு அந்த 'சமம்' என்ற ஒரு சொல் 1950-ல் தோன்றாமல் போனதே என்று இருக்கிறது.

ஆனால் அந்த விதிகளில் ஒரு வரியைத் திருத்தவும் பதின்மூன்று மாநிலமும் ஒப்ப வேண்டும். இறக்குமதிக்கு நூற்றுக்கு ஐந்து வரி போட மத்திக்கு அனுமதி கேட்டார்கள். 1782-ல் ரோட் ஐலண்ட் என்ற மிகச் சிறிய மாநிலம் முடியாது என்றது. கதை முடிந்தது. 1786-ல் மாசசூசெட்ஸில் கடனாளி விவசாயிகள் கிளர்ந்தபோதும் மத்தியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசியில் 1787-ல் பிலடெல்பியாவில் கூடி, புதிய சட்டத்துக்கு ஒன்பது மாநிலம் ஒப்பினால் போதும் என்று தங்கள் பழைய விதியையே மீறித்தான் வெளியே வந்தார்கள். பழுது பார்க்க வழியில்லாத வீடு. அதனால் இடித்துக் கட்டினார்கள்.

நம் வீட்டில் வழி வைத்திருந்தார்கள். மூன்றாவது பிரிவு. நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தாலேயே மாநில எல்லையை மாற்றலாம். அந்த மாநிலச் சட்டசபையின் கருத்தைக் கேட்க வேண்டும், சம்மதம் தேவையில்லை. திருவிதாங்கூர்-கொச்சியின் சம்மதம் வேண்டும் என்று எழுதியிருந்தால் நாகர்கோவில் இன்றைக்கும் அங்கேயே இருந்திருக்கும். தனி ஆந்திரம் கேட்டு பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உண்ணாவிரதத்தில் உயிர் விட்ட பிறகு ஆந்திரம் பிறந்தது. 1953 டிசம்பரில் பசல் அலி தலைமையில் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அமைந்தது, 1955-ல் அறிக்கை வந்தது. 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலியோடு போயிற்று. ஏ, பி, சி, டி தரமும் ராஜப்பிரமுகரும் அன்றோடு ஒழிந்தார்கள். 14 மாநிலங்கள், 6 யூனியன் பிரதேசங்கள்.

வழி இருந்தது என்பதற்காக நான் முழுதாகப் பாராட்ட மாட்டேன். அதைத் திறக்க ஆந்திரத்துக்காக ஒரு சாவு, புதுக்கடையில் சாவுகள். கதவு இருந்தும் ரத்தம் பார்த்த பிறகே திறந்தார்கள். சம்மதம் கேட்காமல் கோடு போடும் அதிகாரம் இன்றைக்கு நமக்கு உதவியது, நாளைக்கு நம் விருப்பத்துக்கு எதிராகவும் போடலாம். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

போட்ட கோடும் எல்லாருக்கும் நியாயம் செய்யவில்லை. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை, சித்தூர் எல்லாம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. விளவங்கோட்டு வயல்களுக்கு நீர் கொண்டுவந்த நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் பல வருடமாகத் தண்ணீர் இல்லை. அணை அந்தப் பக்கம், வயல் இந்தப் பக்கம். இங்கேயும் மலையாளம் பேசும் குடும்பங்கள் நிறைய. அன்றைக்கு நமக்கு வலித்த மாதிரிதானே அவர்களுக்கும் வலிக்கும்? அவர்கள் கையில் புரியாத ரசீது எதுவும் இருக்கக் கூடாது என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாலை நாலரைக்குக் களியக்காவிளை. ஆரல்வாய்மொழியில் இருந்த வாசல் ஒரே நாளில் சுமார் ஐம்பது கிலோமீட்டர் மேற்கே நகர்ந்து இங்கே வந்துவிட்டது. கடைப் பலகைகள் இரண்டு மொழியிலும் இருக்கின்றன. டீக்கடையில் பழம்பொரி வாங்கிக்கொண்டு, பத்திரிகையை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினேன். சாயா ஆற்றிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். மணமகள் பெயர், பெற்றோர் பெயர், மண்டபம் என்று மலையாளத்தில் வாசித்து, வரிக்கு வரி தமிழில் சொன்னார்.

"முகூர்த்தம் பத்தேகாலுக்கும் பத்தே முக்காலுக்கும் இடையில. இந்தா பாருங்க, கீழ தாத்தா பேரும் போட்டிருக்கு. பெண்ணோட பாட்டிக்குத் தம்பின்னு."

பெரியவருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். நேரத்தைச் சொன்னேன். அவர் பெயர் அச்சாகியிருப்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"என் பேர அதுல எப்படி எழுதியிருக்கான்னு அவருகிட்ட கேட்டு, பக்கத்துலயே தமிழ்ல எழுதிட்டு வா மக்ளே" என்றார்.